இல்லாத தீவிலிருந்து வந்த தபால்தலை

(ஆடியோ எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் இழுத்த இடங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஸ்டாம்ப் பைத்தியம். கடைகளில் "வெளிநாட்டு ஸ்டாம்ப் 100" என்று ஒரு கண்ணாடிக் காகிதப் பாக்கெட் தொங்கும். ஒரு மாத பாக்கெட் மணியைச் சேர்த்து அதில் ஒன்று வாங்கினேன். உள்ளே வழக்கம்போல ஹங்கேரி, போலந்து, மங்கோலியா. நடுவில் ஒன்று மட்டும் வேற லெவல். பளபளன்னு ஒரு கடல் பறவை, கீழே "ஸ்டாஃபா, ஸ்காட்லாந்து" என்று ஆங்கிலத்தில் எழுத்து. ஒரு மூலையில் அச்சடித்த மாதிரி சுத்தமான முத்திரை. திருப்பினால் பின்பக்கம் பசை அப்படியே இருக்கு.

இங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். முத்திரை குத்தியாச்சு, ஆனா எந்தக் கவரிலும் ஒட்டவே இல்லை. எப்படி? பன்னிரண்டு வயசில் அதெல்லாம் தோணாது. பள்ளிக் கண்காட்சியில் "உலகத் தீவுகள்" என்று ஒரு பக்கம் செய்து, நட்ட நடுவில் அந்தப் பறவையை ஒட்டினேன். பார்க்க வந்த நடுவர் சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இது ஸ்டாம்ப்பே இல்லைப்பா, இப்படி ஒரு தபால் சேவையே கிடையாது" என்றார். பக்கத்தில் நின்ற பசங்க சிரிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்டுட்டேன். ஸ்டாம்ப் சேர்ப்பதும் அத்தோட முடிஞ்சது.

போன வருஷம் வீடு மாற்றும்போது பரணிலிருந்து அந்த ஆல்பம் கீழே வந்தது. கிழித்த பக்கத்தின் ஓரம் மட்டும் இன்னும் ஸ்பைரலில் தொங்கிக்கிட்டு இருந்தது. சரி, அந்த ஸ்டாம்ப் எங்கிருந்துதான் வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஒரு முழு உலகமே திறந்தது. இல்லாத நாடுகள், ஆளில்லாத தீவுகள், அவற்றுக்கெல்லாம் தபால்தலைகள். இன்றைக்கு அந்தக் கதைதான்.

ஸ்டாம்ப் என்பது என்ன?

முதலில் அடிப்படை. உலகின் முதல் ஒட்டும் தபால்தலை 1840இல் பிரிட்டனில் வந்த 'பென்னி பிளாக்'. அதற்கு முன்பு பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுக்கணும். தபால்தலை அதைத் தலைகீழாக்கியது. அனுப்புகிறவர் முன்கூட்டியே பணம் கட்டிவிடுகிறார். அதற்கான ரசீதுதான் ஸ்டாம்ப். நம்ம பாஷையில் சொன்னால் பிரீபெய்டு ரீசார்ஜ்.

இதில் ஒரு ஓட்டை இருக்கு. ஒருத்தர் ரீசார்ஜ் பண்ணிட்டு ஒரு கால்கூடப் பேசவே இல்லைன்னா கம்பெனிக்கு என்ன? முழு லாபம். ஸ்டாம்ப் சேகரிப்பவர் அந்த மாதிரி வாடிக்கையாளர். காசு கொடுத்து வாங்குவார், கடிதத்தில் ஒட்ட மாட்டார், ஆல்பத்தில் பூட்டி வைப்பார். தபால்துறை அவருக்காக ஒரு கடிதத்தையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

இதை வெகு சீக்கிரமே பல பேர் புரிந்துகொண்டார்கள். கடிதமே இல்லாமல் ஸ்டாம்ப் விற்கலாம் என்றால், நாடே இல்லாமலும் விற்கலாமே?

அப்படிச் செய்ய நினைத்தவர்களில் பலருக்கு ஏன் தீவுகள் மேல் கண்? ஒரு காரணம், தூரம். கப்பல் அபூர்வமாகப் போகும் இடத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சரிபார்க்க வழியில்லை. இன்னொன்று, தீவு ஸ்டாம்ப் என்றாலே ஒரு மவுசு. 1847இல் மொரீஷியஸ் தீவில் வெளியான முதல் இரண்டு தபால்தலைகளில் ஒவ்வொன்றும் வெறும் 500தான் அச்சானது. இன்று உலகில் மிக விலை உயர்ந்த தபால்தலைகளில் அவையும் உண்டு. எங்கோ கடலுக்கு நடுவே ஒரு குட்டித் தபால் ஆபீஸ், அங்கே அச்சான கொஞ்சமே கொஞ்சம் காகிதம். சேகரிப்பவருக்கு வேறென்ன வேணும்?

ஒரு இளவரசரும் அவருடைய ஆமைத் தீவும்

1893. இடம் நியூயார்க். ஜேம்ஸ் ஹார்டன்-ஹிக்கி என்று ஒரு மனுஷன். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவர். அங்கே 'லெ திரிபூலே' என்ற பத்திரிகை நடத்தினார். பிரான்சுக்கு மறுபடி மன்னர் வேணும் என்பது அதன் கொள்கை. அதனால் ஏகப்பட்ட வழக்குகள், வாள் சண்டைகள். பிறகு அமெரிக்கக் கோடீஸ்வரர் ஒருவரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அதற்கு முன்பு உலகம் சுற்றிய ஒரு கப்பல் பயணத்தில் தெற்கு அட்லாண்டிக்கில் ஒரு தீவைப் பார்த்திருந்தார். பெயர் டிரினிடாட். கவனிங்க, கரீபியன் டிரினிடாட் இல்லை. இது பிரேசில் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே இருக்கிற, சுமார் 10 சதுர கிலோமீட்டர் எரிமலைப் பாறை. இன்றைய பெயர் டிரிண்டாடே. அங்கே இருந்தவை கடல் ஆமைகளும் பறவைகளும்தான்.

ஆளில்லாத தீவுதானே, யாருக்கும் சொந்தமில்லை என்று முடிவு பண்ணி, தன்னை "டிரினிடாட் இளவரசர் முதலாம் ஜேம்ஸ்" என்று அறிவித்தார். சும்மா விளையாட்டுக்கு இல்லை. கிரீடம் செய்தார். வெளியுறவு அமைச்சர் ஒருவரை நியமித்தார். நியூயார்க்கின் மேற்கு 36ஆவது தெருவில் ஓர் அலுவலகம் திறந்தார். பாண்டு பத்திரங்கள் வெளியிட்டார். 1894இல் தபால்தலைகளும் வந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்போம். தீவில் குடிமக்கள் இல்லை. கடிதம் எழுத ஆளில்லை, வாங்க ஆளில்லை, தபால் பெட்டி இல்லை. எதுக்கு ஸ்டாம்ப்? ஒன்று, காசு. தபால்தலை சேகரிப்பு அப்போது உச்சத்தில் இருந்தது. ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. ஒரு நாடு இருக்கிறது என்பதை நாம் எப்படி நம்புகிறோம்? கொடி, நாணயம், ஸ்டாம்ப். இவற்றில் மிக மலிவாக அச்சடிக்கக்கூடியதும், ஒரு அந்நியர் வீட்டு வாசல் வரை தானாகவே போய்ச் சேரக்கூடியதும் ஸ்டாம்ப்தான். உங்க பெயர் போட்ட ஸ்டாம்ப் ஒருத்தர் ஆல்பத்தில் பிரான்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பாதி அங்கீகாரம் கிடைத்த மாதிரி.

அந்தக் கனவு எப்படி உடைந்தது என்பதில்தான் ஒரு குரூரமான நகைச்சுவை இருக்கு. 1895இல் பிரிட்டன் அந்தத் தீவைக் கைப்பற்றியது. காரணம் ஆமை இல்லை, ஸ்டாம்ப்பும் இல்லை. தென் அமெரிக்காவுக்குப் போகும் கடலடித் தந்தி கேபிளுக்கு நடுவில் ஒரு நிலையம் தேவைப்பட்டது. அதாவது, கடிதத்துக்குப் போட்டியாக வந்த தொழில்நுட்பம் அந்தத் தபால்தலை நாட்டைத் தின்றுவிட்டது. பிரேசில் எதிர்ப்புத் தெரிவித்தது. அடுத்த ஆண்டு தீவு பிரேசிலுடையது என்று முடிவானது. நம்ம இளவரசரின் சார்பில் அமெரிக்க அரசுக்கு ஒரு முறையீடு போனது. பத்திரிகைகள் சிரித்துத் தீர்த்தன.

1898 பிப்ரவரியில், டெக்சாஸின் எல் பாசோ நகரில் ஒரு ஓட்டல் அறையில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய பெட்டியில் அந்தக் கிரீடம் இருந்தது.

இந்தக் கதையை முதலில் படித்தபோது மோசடிக்காரர் கதை என்றுதான் நினைத்தேன். ஆனால் மோசடிக்காரர் கிரீடத்தை விற்றிருப்பார், கூடவே வைத்திருக்க மாட்டார். தான் அச்சடித்த ஸ்டாம்ப்பை அவரே நம்பிவிட்டார். அதுதான் அவருடைய பிரச்சினை.

பஃபின் கணக்கு

அடுத்த ஆள் கொஞ்சம் கில்லாடி. பெயர் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில், மூணு மைல் நீளமே இருக்கிற லண்டி என்ற தீவை 1925இல் விலைக்கு வாங்கினார். இது கற்பனைத் தீவு இல்லை. ஆடு உண்டு, கலங்கரை விளக்கம் உண்டு, சில மனிதர்களும் உண்டு. லண்டி என்ற பெயருக்கே பழைய நார்ஸ் மொழியில் பஃபின் தீவு என்று பொருள். வண்ண மூக்கோடு கொழுகொழுன்னு இருக்குமே, அந்தக் கடல் பறவை.

1927 கடைசியில் பிரிட்டிஷ் தபால்துறை லண்டியில் தன் கிளையை மூடியது. தபாலை நானே சுமக்கிறேன் என்றார் ஹார்மன். சில காலம் இலவசமாகவே படகில் ஏற்றிக் கரை சேர்த்தார். பிறகு செலவை ஈடுகட்ட 1929 நவம்பரில் சொந்தமாக ஸ்டாம்ப் வெளியிட்டார். விலை அரை பஃபின், ஒரு பஃபின். ஒரு பஃபின் என்றால் ஒரு பென்னி.

இது அப்போ எப்படி வேலை செய்தது? லண்டி ஸ்டாம்ப் என்பது தீவிலிருந்து இங்கிலாந்துக் கரை வரைக்குமான படகுக் கூலியாக மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு கடிதம் போக வழக்கமான பிரிட்டிஷ் ஸ்டாம்ப்பும் வேண்டியிருந்தது. ரெண்டும் குழம்பக் கூடாது என்பதால் லண்டி ஸ்டாம்ப்பைக் கவரின் பின்பக்கம்தான் ஒட்டணும் என்று தபால்துறை சொல்லிவிட்டது. ஊருக்குள் ஷேர் ஆட்டோவில் வந்து, பஸ் ஸ்டாண்டில் தனியா டிக்கெட் எடுக்கிற மாதிரி.

ஹார்மன் அதோடு நிற்கவில்லை. நாணயமும் அடித்தார். ஒரு பக்கம் பஃபின், மறுபக்கம் மன்னர் தலை இருக்க வேண்டிய இடத்தில் அவர் தலை. அரசாங்கம் வழக்குப் போட்டது. மேல்முறையீடு செய்தும் 1931இல் தோற்றார். அபராதம் 5 பவுண்டு, அதோடு வழக்குச் செலவு.

ஆனால் பாருங்க, வழக்கு நாணயத்துக்குத்தான். ஸ்டாம்ப்பை யாரும் தொடவில்லை. லண்டி ஸ்டாம்ப் இன்றைக்கும் வருகிறது. ஹார்டன்-ஹிக்கி கிரீடத்தில் ஆரம்பித்து ஸ்டாம்ப்புக்கு வந்தார், ரெண்டும் போச்சு. ஹார்மன் கடிதத்தைச் சுமந்த பிறகு ஸ்டாம்ப் அடித்தார், அது நின்றுவிட்டது. புராடக்ட் முதலில், பிராண்டிங் பிறகு. ஆபீஸில் இதை எத்தனை மீட்டிங்கில் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, அது வேற கதை.

என் ஸ்டாஃபா

இப்போ என் பறவைக்கு வருவோம். ஸ்டாஃபா நிஜத் தீவு. ஸ்காட்லாந்தின் மேற்கே, செதுக்கி அடுக்கி வைத்த மாதிரி பசால்ட் பாறைத் தூண்களோடு நிற்கும். ஃபிங்கல் குகை என்ற புகழ்பெற்ற குகை அங்கேதான். ஒரே ஒரு சிக்கல், அங்கே யாரும் குடியிருக்கவில்லை. 1970களிலிருந்து அந்தத் தீவின் பெயரில் கட்டுக் கட்டாக ஸ்டாம்ப்புகள் அச்சாகின. பறவை, பூ, ரயில், எது ஆல்பத்தில் அழகாக இருக்குமோ அதெல்லாம். முத்திரையும் மொத்தமாகக் குத்தியே வந்தது. எந்தக் கடிதத்துக்காகவும் இல்லை, பாக்கெட்டுக்காக. அதாவது எனக்காக.

இந்த வகைக்கெல்லாம் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பொதுப் பெயர் 'சிண்ட்ரெல்லா'. ஸ்டாம்ப் மாதிரி இருக்கும், ஆனால் அரசுத் தபால்துறை வெளியிட்டது கிடையாது. விருந்துக்கு அழைப்பில்லாத மாற்றாந்தாய் மகள். இவற்றை மட்டுமே சேகரிப்பவர்களுக்காக 1959இல் லண்டனில் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள்.

அப்போ நடுவர் சொன்னது சரிதானே? சரிதான். ஆனால் முழுசா இல்லை. கரீபியனில் ரெடோண்டா என்று ஒரு பாறைத் தீவு, ஆன்டிகுவாவுக்குச் சொந்தம். அங்கேயும் யாரும் வசிக்கவில்லை. ஆனால் 1979இலிருந்து அதன் பெயரிலும் ஸ்டாம்ப் வந்தது, அரசாங்க அனுமதியோடு. ஆளில்லாத தீவு ரெண்டு, பறவை ரெண்டு, கடிதம் ரெண்டிலும் இல்லை. ஒன்று அசல், ஒன்று போலி என்று சொல்ல வைப்பது ஒரு அனுமதி மட்டும்தான். இது தெரிந்திருந்தால் அன்றைக்கு நடுவரிடம் கேட்டிருப்பேன். சரி விடுங்க, பன்னிரண்டு வயசு.

யாரையும் ஏமாற்றாத கற்பனை

கடைசி ஆள்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். டொனால்ட் எவன்ஸ். 1945இல் நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுனில் பிறந்தவர். சின்ன வயசில் ஸ்டாம்ப் சேகரித்தார். நம்மை மாதிரி அதோடு நிற்காமல், பத்து வயசிலிருந்து தானே நாடுகளைக் கற்பனை செய்து, அவற்றுக்கு ஸ்டாம்ப் வரைந்து ஒரு ஆல்பத்தில் ஒட்டினார். டீன் ஏஜ் வந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார். நியூயார்க்கில் ரிச்சர்ட் மேயர் என்ற பெரிய கட்டடக்கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல வேலை, நல்ல எதிர்காலம்.

பிறகு ஒரு நாள் அந்தப் பழைய ஆல்பத்தை நண்பர்களிடம் காட்டினார். அவங்க அசந்துபோனார்கள். மறுபடி வரைய ஆரம்பித்தார். 1972இல் வேலையை விட்டுவிட்டு நெதர்லாந்துக்குப் போனார். அடுத்த ஐந்து வருடம் அவர் செய்தது முழுக்க முழுக்க இதுதான்.

எப்படிச் செய்தார் தெரியுமா? வாட்டர்கலர், நிஜ ஸ்டாம்ப் அளவிலேயே. ஸ்டாம்ப்பைச் சுற்றிப் பல் பல்லாக ஓட்டை இருக்குமே, அதற்கு டைப்ரைட்டரில் முற்றுப்புள்ளிச் சாவியை வரிசையாகத் தட்டினார். தபால் முத்திரைக்கு அழிரப்பரைச் செதுக்கினார். ஸ்டாம்ப் வியாபாரிகள் வைப்பது போலவே கறுப்பு அட்டையில் வரிசையாக அடுக்கினார். மொத்தம் 42 நாடுகள், ஏறக்குறைய 4,000 ஸ்டாம்ப்புகள். எல்லாவற்றுக்கும் ஒரு கணக்குப் புத்தகம். எந்த நாடு, எந்த வருஷம், என்ன மதிப்பு என்று அத்தனையும் அதில் பதிவு. பெயர் 'உலகப் பட்டியல்'.

நாடுகளின் பெயர்களில்தான் அவர் மனசு தெரியும். ஒன்றின் பெயர் 'நண்பர்களும் காதலர்களும்', பிரெஞ்சு மொழியில். இன்னொன்று 'மான்ஜாரே', இத்தாலிய மொழியில் 'சாப்பிடு'. 'உடல்', 'உள்ளம்' என்று டச்சுப் பெயரில் ஒரு ஜோடி. செவித்திறன் இல்லாதவர்களின் பெயரில் ஒரு தீவுக் கூட்டம். நண்பர்கள், நல்ல சாப்பாடு, தங்கியிருந்த ஊர் என்று தனக்குப் பிடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு தபால்துறையைத் திறந்து கொடுத்தார். நாம டைரி எழுதுவோம், அவர் ஸ்டாம்ப் வெளியிட்டார்.

ஹார்டன்-ஹிக்கிக்கு அங்கீகாரம் வேணும். ஸ்டாஃபா ஸ்டாம்ப் அச்சடித்தவர்களுக்குக் காசு வேணும். எவன்ஸுக்கு அது அசல் மாதிரி இருந்தால் போதும், அசல் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. கேலரியில் அவர் பெயரோடுதான் அவை தொங்கின.

1977 ஏப்ரல் 29 அன்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு தீ விபத்தில் எவன்ஸ் இறந்துபோனார். வயசு 31. என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட. மூணு வருஷம் கழித்து வில்லி ஐசன்ஹார்ட் என்பவர் எவன்ஸின் உலகத்தைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். டகாஷி ஹிரைடே என்ற ஜப்பானியக் கவிஞர், எவன்ஸ் இறந்த பிறகு, அவருக்கே எழுதிய தபால் அட்டைகளாக ஒரு புத்தகம் எழுதினார். யோசித்துப் பாருங்க. இல்லாத நாடுகளின் ஸ்டாம்ப், அதை வரைந்தவரும் இல்லை, ஆனால் கடிதம் மட்டும் நிஜமாக வருகிறது. பிரிட்டிஷ் கேபிள் நிலையத்தால்கூட இந்தத் தபால் சேவையை மூட முடியாது.

ஒரு பக்கம் பாக்கி

இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது ஒரு விஷயம் உறைத்தது. எவன்ஸும் நானும் ஒரே வயசில் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம். அவர் ஆல்பத்தை எடுத்து வைத்தார். நான் கிழித்துப் போட்டேன். அவருக்குத் திரும்பிப் போக ஒரு ஆல்பம் இருந்தது. எனக்கு ஸ்பைரலில் ஒரு ஓரம்தான் இருந்தது. நடுவரைக் குறை சொல்லவில்லை, அவர் விதியைத்தான் சொன்னார். "இது ஸ்டாம்ப் இல்லை, ஆனா எங்கிருந்து வந்திருக்கும்னு கண்டுபிடிச்சுட்டு வா" என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அவ்வளவுதான். அந்த வரியை எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஏறத்தாழ பதினாறு வருஷம் ஆகிவிட்டது.

போன மாசம் ஒரு பழைய ஸ்டாம்ப் வியாபாரியிடம் ஸ்டாஃபா பறவை ஒன்று வாங்கினேன். டீ, சமோசா செலவுக்கு வந்துவிடும், அவ்வளவு மலிவு. "இதுக்கு மதிப்பே இல்லை தம்பி, தெரிஞ்சுதான் வாங்குறீங்களா?" என்று அவரே கேட்டார். தெரிஞ்சுதான் அண்ணா என்றேன். புதுப் பக்கம் ஒன்று செய்து, நடுவில் அதை ஒட்டி, கீழே எழுதியிருக்கிறேன்: "ஸ்டாஃபா. மக்கள்தொகை 0. இந்தத் தபால்தலை எந்தக் கடிதத்தையும் சுமக்கவில்லை. என்னிடம் மட்டும் வந்து சேர்ந்தது."

பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கேன். என் தீவுக்கு. பெயர் இன்னும் வைக்கவில்லை. டைப்ரைட்டர் இல்லாததால் ஓட்டைகளைக் குண்டூசியால்தான் குத்தணும் போல.

உங்களிடமும் கிழித்துப் போட்ட ஒரு பக்கம் இருந்தால் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.